முன்கண்ணாடியும் இன்னுயிரும்

கண்ணாடி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது முகம் பார்க்கும் கண்ணாடியே. அடுத்து மூக்குக் கண்ணாடி வரும். சாளரம், குப்பி, விளக்கு, ஆய்வகக் குடுவை என்று எண்ணிக்கொண்டே போனால் பட்டியல் நீளும். இவற்றுள் எது உடைந்தாலும் பெரும்பாலும் சிறிது பணம் போகும், அவ்வளவே. ஆனால் உடையும்போது உயிரைக் காக்கவோ போக்கவோ வல்ல கண்ணாடி ஒன்று உண்டு. அதுதான் காரின் முன்கண்ணாடி. ஓட்டுநர்கள் இதனை 'முன் கிளாஸ்' என்பர். கடைகளில் 'விண்ட்ஷீல்டு' என்று கேட்டால் உடனே புரியும்.

முன்கண்ணாடி உடைந்தால் புதியது போட்டுக்கொள்ளலாம் என்பது அனைவருக்கும் தெரியும். எதைப் போடுவது? எப்படிப் போடுவது? அளவு பொருந்தினால் போதுமா? இக்கேள்விகளை நம்மில் பலர் கேட்பதில்லை. என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். அவருடைய காருக்குக் கண்ணாடி மாற்ற நேர்ந்தபோது இக்கேள்விகள் எங்கள் வீட்டிற்குள் வந்தன. இயற்பியல் மாணவனாகிய நான் விடை தேடத் தொடங்கினேன். நூல்களில் கற்றதையும், விடுமுறை நாள்களில் ஒரு கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து கண்ணால் கண்டதையும் இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

மூவகைக் கண்ணாடிகள்

வண்டிகளைப் பொறுத்தவரை கண்ணாடியை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது சாதாரணக் கண்ணாடி. வீட்டுச் சாளரத்தில் இருப்பது இதுவே. இது உடைந்தால் கத்தி போன்ற நீண்ட கூரிய துண்டுகளாகச் சிதறும். கார்கள் தோன்றிய காலத்தில் முன்னால் இதைத்தான் பொருத்தினார்கள். சிறு மோதலில்கூடப் பலர் முகமும் கழுத்தும் அறுபட்டு மாண்டனர்.

இரண்டாவது கடினக் கண்ணாடி. கடைக்காரர்கள் 'டஃபன்ட்' அல்லது 'டெம்பர்டு' என்பர். வெட்டி வளைத்த கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, அதன் இருபுறமும் குளிர்ந்த காற்றை வேகமாகப் பீய்ச்சுவார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பின்னர்க் குளிர்ந்து சுருங்க முயலும்போது, இறுகிய மேற்பரப்பு அதைச் சுருங்க விடாது. இதனால் மேற்பரப்பில் அமுக்கத் தகைவும் உள்ளே இழுவிசைத் தகைவும் நிலைத்துவிடுகின்றன. கண்ணாடி இழுவிசையில்தான் உடையும். அமுக்கத்தில் எளிதில் உடையாது. எனவே இக்கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை பெறுகிறது. ஆனால் ஏதேனும் ஓரிடத்தில் கீறல் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே சென்றுவிட்டால், அடைபட்டிருந்த ஆற்றல் முழுவதும் ஒரே நொடியில் வெளிப்படும். கண்ணாடி முழுவதும் சோளமணி போன்ற சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும்.

இவ்வியல்பை 17ஆம் நூற்றாண்டிலேயே மக்கள் வியந்து நோக்கினர். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வாலுடன் கூடிய துளி ஒன்று கிடைக்கும். ரூபர்ட் இளவரசர் 1660ஆம் ஆண்டில் இத்தகைய துளிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து மன்னர் இரண்டாம் சார்லசிடம் காட்டினார். துளியின் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது; வாலின் நுனியைச் சற்றே ஒடித்தால் துளி முழுவதும் பொடிப்பொடியாகும்! கடினக் கண்ணாடியின் கதையும் இதுவே.

மூன்றாவது அடுக்குக் கண்ணாடி. கடைகளில் 'லேமினேட்டட்' என்று கேட்க வேண்டும். இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்னும் பிளாஸ்டிக் ஏடு வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன் உடையது. நடுவில் உள்ள ஏட்டின் வழக்கமான தடிமன் 0.76 மில்லிமீட்டர். வைக்கும்போது இந்த ஏடு பால்போல் மங்கலாக இருக்கும். மூன்றையும் சேர்த்து உயர் அழுத்தக் கலனில் 140 பாகை அளவில் வேகவைத்தால் ஏடு கண்ணாடியுடன் ஒன்றிக் கண்ணுக்கே தெரியாமல் தெளிந்துவிடும். இக்கண்ணாடி அடிபட்டால் சிலந்தி வலைபோல் விரிசல் விடும். துண்டுகளோ ஏட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும்.

உடையாத குடுவை

இந்த மூன்றாவது கண்ணாடி பிறந்த கதை சுவையானது. எதுவார் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1903ஆம் ஆண்டில் தம் ஆய்வகத்தில் அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு குடுவையைத் தவறவிட்டார் என்பர். குடுவை உடைந்தது, ஆனால் சிதறவில்லை! எடுத்துப் பார்த்தபோது, முன்பு அதில் இருந்த செல்லுலோசு நைட்ரேட்டுக் கரைசல் உலர்ந்து, குடுவையின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது தெரிந்தது. துண்டுகளை அப்படலமே தாங்கி நின்றது.

கார் விபத்துகளில் கண்ணாடியால் அறுபட்டவர்களைப் பற்றி அறிந்தபோது அவருக்கு அக்குடுவை நினைவுக்கு வந்தது. இரு கண்ணாடிகளின் நடுவே செல்லுலோசு நைட்ரேட்டு ஏட்டை வைத்து ஒட்டி 1909ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மூன்றடுக்குக் கொண்டதால் 'டிரிப்ளெக்ஸ்' என்று அதற்குப் பெயர் ஏற்பட்டது. முதல் உலகப் போரில் நச்சுப்புகை முகமூடிகளின் கண்பகுதிக்கு இவ்வகைக் கண்ணாடி பயன்பட்டது. ஆயினும் அந்த ஏடு வெயில் பட்டால் நாளடைவில் மஞ்சளாகிவிடும். 1930களில் உருவான பாலிவினைல் பியூட்டிரால் ஏடு அக்குறையைப் போக்கியது. வெயிலைத் தாங்குவதோடு, இழுத்தால் நீளும் தன்மையும் இதற்கு உண்டு. அந்த நீளும் தன்மைதான் மோதும் தலையின் வேகத்தை விழுங்கிக்கொள்கிறது.

முன்னே ஒன்று, பின்னே ஒன்று

கடினக் கண்ணாடி அவ்வளவு வலிமையானது என்றால் முன்னாலும் அதையே போட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். இங்குதான் பொருளின் உட்கருத்து அடங்கியிருக்கிறது.

பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் கடினக் கண்ணாடிகளே. விபத்தில் கதவு திறவாவிட்டால் பக்கக் கண்ணாடியை உடைத்து உள்ளே இருப்பவரை வெளியே எடுக்கலாம். அங்கே கண்ணாடி முழுதும் நொறுங்குவது நன்மை.

முன்கண்ணாடியின் கடமை வேறு. எதிரே செல்லும் லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடினக் கண்ணாடியாக இருந்தால் நொடிப்பொழுதில் முழுப்பரப்பும் வெள்ளை வெளேரென்று மாறிவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். மூன்று நொடி கண்மறைந்தால் 66 மீட்டர்! அத்தனை தொலைவும் குருட்டு ஓட்டமே. நம் நாட்டிலும் முன்னாளில் பல வண்டிகளில் முன்னால் கடினக் கண்ணாடி இருந்ததுண்டு. கல் பட்டு வெளுத்த கண்ணாடியைக் கைமுட்டியால் குத்தித் துளையிட்டு, அத்துளை வழியே பார்த்து வண்டியை ஓரங்கட்டியதைத் தந்தையாரின் மூத்த தோழர்கள் இன்றும் சொல்வர்.

அடுக்குக் கண்ணாடியில் அதே கல் ஒரு சிறு சில்லை மட்டும் பெயர்க்கும். மற்ற இடமெல்லாம் தெளிவாகவே இருக்கும். பெருமோதல் ஏற்பட்டாலும் உள்ளே இருப்பவர் வெளியே தூக்கி எறியப்படாதபடி ஏடு தடுக்கும்.

ஆகவே, உடையாத கண்ணாடி என்று உலகில் எதுவும் இல்லை. எந்த இடத்தில் எப்படி உடைய வேண்டுமோ அப்படி உடைவதே அந்த இடத்திற்குச் சரியான கண்ணாடி. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 100ஆவது விதி, அவ்விதிகள் நடைமுறைக்கு வந்து மூன்றாண்டுகளுக்குப் பின் செய்யப்பட்ட வண்டிகளின் முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும் என்கிறது. இருசக்கர வண்டிகளுக்கும் உழவு டிராக்டர்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பதும் அவ்விதியில் அடங்கும்.

விரிசல் வளரும் விதம்

"சின்ன விரிசல்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம்மவர் வழக்கம். கண்ணாடியின் இயற்பியல் இதற்கு இடம் கொடுப்பதில்லை.

கிரிஃபித் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையில், கண்ணாடி தன் இயல்பான வலிமையைவிட மிகக் குறைந்த விசையில் உடைவதற்குக் காரணம் அதிலுள்ள நுண்ணிய கீறல்களே என்று காட்டினார். கீறலின் நுனியில் தகைவு குவிகிறது. கீறல் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அதை மேலும் வளர்க்கத் தேவைப்படும் தகைவு குறைகிறது. கீறல் நான்கு மடங்கு நீண்டால் பாதித் தகைவே போதும். அதாவது வளர்ந்த விரிசல் மேலும் எளிதாக வளரும்.

இதற்கு நம் ஊர் வெயிலும் துணைசெய்கிறது. சித்திரை வெயிலில் நின்ற காரின் கண்ணாடி கைவைக்க முடியாதபடி சுடும். ஏறி அமர்ந்தவுடன் குளிர்காற்றை முழுவேகத்தில் கண்ணாடியின் மேல் திருப்பினால் உட்தகடு சுருங்க, வெளித்தகடு விரிந்தபடியே நிற்கும். அந்த இழுபறியில் காலையில் அரை விரல் நீளமாக இருந்த விரிசல் மாலையில் ஒரு முழம் ஆகிவிடும். காற்றிலுள்ள ஈரமும் விரிசலின் நுனியில் கண்ணாடியின் பிணைப்பைத் தளர்த்தி வளர்ச்சியை விரைவாக்கும். எனவே சில்லு பெயர்ந்த அன்றே அந்த இடத்தில் ஒளி ஊடுருவும் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டித் தூசியும் நீரும் புகாமல் காக்க வேண்டும்.

அடைக்கலாமா, மாற்றலாமா?

உடைந்த கண்ணாடி ஒட்டாது என்பது பழமொழி. அடுக்குக் கண்ணாடியில் இப்பழமொழிக்குச் சிறிது விலக்கு உண்டு. கல் பட்ட இடத்தில் உள்ள காற்றை வெற்றிடக் கருவியால் உறிஞ்சிவிட்டு, நீர்போன்ற பிசினை அழுத்திச் செலுத்தி, புற ஊதாக் கதிரால் இறுகச் செய்வார்கள். பிசினின் ஒளிவிலகல் எண் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணாகிய 1.52ஐ ஒட்டியிருப்பதால், ஒளி அங்கே வளையாமல் செல்லும். வடுவும் பெரும்பாலும் மறையும்.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒரு பத்து ரூபாய் நாணயத்தால் மறைக்கக்கூடிய சில்லாக இருக்க வேண்டும். வெளித்தகட்டில் மட்டும் இருக்க வேண்டும். ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக இருத்தல் கூடாது. விளிம்பைத் தொட்ட விரிசல், உட்தகட்டையும் பிளந்த விரிசல், நீண்டு ஓடிய விரிசல் ஆகியவற்றிற்கு மாற்றுவது ஒன்றே வழி. கண்ணுக்கு நேரே உள்ள வடு இரவில் எதிர்வண்டியின் விளக்கொளியைச் சிதறடித்துக் கண்ணைக் கூசச் செய்யும் என்பதையும் மறத்தல் ஆகாது.

சரியான கண்ணாடியை அறிவது எப்படி?

கண்ணாடியின் கீழ்மூலையில் சிறு எழுத்துகளால் பொறித்த முத்திரை ஒன்று இருக்கும். பலர் அதனை நிறுவனத்தின் விளம்பரம் என்று நினைக்கின்றனர். உண்மையில் அது கண்ணாடியின் பிறப்புச் சான்றிதழ். செய்தவர் பெயர், லேமினேட்டட் அல்லது டெம்பர்டு என்னும் வகை, ஐ.எஸ். 2553 என்னும் இந்தியத் தர எண்ணுடன் கூடிய ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகியவற்றை அங்கே தேடிக் காணலாம். முத்திரையே இல்லாத கண்ணாடியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

பொருத்துமுன் விளிம்பைப் பார்த்தாலும் வகை தெரியும். அடுக்குக் கண்ணாடியின் விளிம்பில் இரண்டு தகடுகளும் நடுவில் ஒரு கோடும் தெளிவாகத் தெரியும். கடினக் கண்ணாடியின் விளிம்பு ஒரே பாளமாக இருக்கும்.

இயற்பியல் பயில்வோர்க்கு இன்னொரு சுவையான வழியும் உண்டு. நம் ஆய்வகத்திலுள்ள போலராய்டுத் தகடு ஒன்றின் வழியே, சூரியனுக்குச் செங்குத்தான திசையிலுள்ள நீலவானம் பிரதிபலிக்கும் காரின் பின்கண்ணாடியைப் பாருங்கள். தகட்டைச் சுழற்றினால் கண்ணாடியில் வரிசை வரிசையாகப் புள்ளிகளோ பட்டைகளோ தோன்றும். தொழிற்சாலையில் குளிர்காற்று பீய்ச்சிய இடங்களின் சுவடே அவை! உள்ளே உறைந்துகிடக்கும் தகைவு தளவிளைவுற்ற ஒளியைப் பிரித்துக் காட்டுகிறது. பிறகு முன்கண்ணாடியைப் பாருங்கள். அப்புள்ளிகள் அங்கே இரா. பாடநூலில் படித்த ஒளித் தகைவியல் கல்லூரி வாசலில் நிற்கும் காரிலேயே இருக்கிறது.

வகை சரியாக இருந்தாலும் கண்ணாடி அந்தக் காருக்கே உரியதாக இருக்க வேண்டும். ஒரே பெயர்கொண்ட காரிலும் ஆண்டுக்கும் வகைக்கும் ஏற்பக் கண்ணாடி மாறும். சிலவற்றில் மழையை உணரும் கருவி உண்டு. அது அகச்சிவப்புக் கதிரைச் சாய்வாகச் செலுத்தும். கண்ணாடி உலர்ந்திருந்தால் கதிர் முழு அக எதிரொளிப்பு அடைந்து திரும்பும். நீர்த்துளி விழுந்தால் ஒரு பகுதி வெளியேறிவிடும். திரும்பும் ஒளி குறைந்தவுடன் வைப்பர் தானே இயங்கும். கருவிக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்றுக்குமிழ் இருந்தால் இது நிலைகுலையும். சில கார்களில் வேகத்தையும் வழியையும் முன்கண்ணாடியிலேயே ஒளியால் காட்டுவர். அவற்றில் நடு ஏடு மேலிருந்து கீழாக மிக நுண்ணிதாய்ச் சரிந்த தடிமன் உடையது. சாதாரண ஏடு உள்ள கண்ணாடியைப் போட்டால் எழுத்துகள் இரட்டை இரட்டையாகத் தெரியும்.

இப்போது வரும் பல கார்களில் சாலையை நோக்கும் கேமரா முன்கண்ணாடியின் உட்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும். கண்ணாடி மாற்றியபின் அக்கேமராவைச் சீர்செய்தல் இன்றியமையாதது. கேமரா ஒரு பாகை சாய்ந்தாலும் 50 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் பிழை ஏற்படும். நடுக்கோட்டிற்கு இப்பால் வரும் வண்டியை அப்பால் வருவதாகக் காட்ட அவ்வளவு பிழை போதாதா?

பசையும் பாதி கண்ணாடியே

அம்பாசிடர், பிரிமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் முன்கண்ணாடியை ரப்பர் பீடிங் தாங்கியிருந்தது. பீடிங்கின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி வைத்து, கண்ணாடியைச் சட்டத்தில் அமர்த்தி, உள்ளிருந்து ஒருவர் கயிற்றை மெல்ல உருவ, வெளியிலிருந்து ஒருவர் தட்டிக்கொடுப்பார். ரப்பரின் உதடு சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். பார்ப்பதற்கே அழகான வேலை அது.

இக்காலக் கார்களில் கண்ணாடி பாலியுரேத்தேன் பசையால் உடலோடு ஒட்டப்படுகிறது. ஒட்டியபின் கண்ணாடி காரின் எலும்புகளுள் ஒன்றாகிவிடுகிறது. கார் குப்புறக் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு. பல கார்களில் முன்னிருக்கைப் பயணிக்குரிய காற்றுப்பை மேல்நோக்கி விரிந்து, முன்கண்ணாடியில் சாய்ந்துகொண்டுதான் பயணியின் பக்கம் திரும்புகிறது. அது விரிவதற்கு ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குகூடப் பிடிப்பதில்லை. அந்த அடியைத் தாங்காமல் கண்ணாடி பெயர்ந்துவிட்டால் பை வெளியே போகும். பயணிக்குத் தாங்கல் இராது.

எங்கள் வீட்டு நிகழ்ச்சி இங்கே பொருந்தும். தந்தையாரின் கார் தொப்பூர்க் கணவாய்ச் சாலையில் சென்றபோது முன்னே போன லாரியிலிருந்து தெறித்த கல்லால் கண்ணாடி விளிம்பு வரை பிளந்தது. அருகிலிருந்த நகரில் ஒரு கடையில் புதிய கண்ணாடி போட்டார்கள். கண்ணாடி முத்திரையுடன் கூடிய நல்ல அடுக்குக் கண்ணாடிதான். தந்தையார் கேட்டுப் பார்த்தே வாங்கினார். ஒரு மணி நேரத்தில் வண்டி கைக்கு வந்தது. ஐப்பசி மழையில் உள்ளே கால்மிதி நனையத் தொடங்கியது. எங்கள் ஊரில் கண்ணாடி வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டினோம். அவர் ஓரத்தைச் சற்று நேரம் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, உள்ள உக்காந்து ரெண்டு கையாலயும் கண்ணாடியத் தள்ளிப் பாருங்க" என்றார்.

தந்தையார் தள்ளினார். மேல்விளிம்பு ஒரு விரற்கடை வெளியே நகர்ந்தது.

"என்ன தம்பி இது, பெயர்ந்து வருது?"

"பசை போடலைண்ணே. சிலிக்கான் வெச்சிருக்காங்க. மீன் தொட்டிக்கும் பாத்ரூமுக்கும் வைக்கிறது. பழைய பசையையும் சுரண்டலை, பிரைமரும் அடிக்கலை. கண்ணாடி சும்மா சாஞ்சுக்கிட்டு நிக்குது."

தந்தையார் ஒன்றும் பேசாமல் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். நாள்தோறும் காலையில் அவர் ஆறு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வார். அவர்களுள் ஒருத்தி எப்போதும் முன்னிருக்கைக்குத்தான் சண்டையிடுவாள். மூன்று மாதங்கள் அக்கண்ணாடிக்குப் பின்னால்தான் அவள் அமர்ந்து சென்றாள். மழை பெய்து நீர் ஒழுகியிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இராது. விலை குறைந்ததன் காரணம் கண்ணாடியில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பசையில் இருந்தது.

மாற்றும் முறை

அந்தக் கடையில் பன்முறை உடனிருந்து நான் கண்ட ஒழுங்கான முறை இதுதான். முதலில் வைப்பர்களையும் ஓர அணிகளையும் கழற்றி, காரின் உட்பகுதியைத் துணியால் மூடுவர். பழைய பசையின் ஊடே மெல்லிய முறுக்குக் கம்பியை நுழைத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் மாறி மாறி இழுத்து அறுப்பர். கண்ணாடியை உறிஞ்சுகிண்ணங்களால் தூக்கி எடுப்பர்.

பிறகு சட்டத்தில் எஞ்சிய பழைய பசையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டுச் சமமாகச் சீவுவர். புதுப்பசை பழைய பசையின் மேல் நன்கு பற்றும். சீவும்போது வண்ணப்பூச்சில் கீறல் விழுந்தால் அங்கே பிரைமர் தடவியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் துரு பிடித்து, பசையோடு இரும்பே உரிந்து வரும்.

புதிய கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று உண்டு. அது அழகுக்கு மட்டும் என்று நினைப்போம். வெயிலின் புற ஊதாக் கதிர் பசையைக் கெடுக்காமல் தடுக்கும் குடை அது. அப்பட்டையைத் துடைத்து, பிரைமர் தடவி, முக்கோண வடிவில் பசையை இடைவெளியின்றி இழுத்து, கண்ணாடியை ஒரே முறையில் சரியாக அமர்த்துவர். அமர்த்தியபின் விரல் படாமல் காப்பது நல்ல வேலைக்காரரின் இலக்கணம்.

இதற்குப் பிறகு வேண்டியது பொறுமை. இப்பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி, வெளியிலிருந்து உள்நோக்கி நாளுக்குச் சில மில்லிமீட்டர் ஆழமே இறுகும். வண்டியை எப்போது எடுக்கலாம் என்பது பசைக்குப் பசை வேறுபடும். ஒரு மணி நேரமும் ஆகலாம், பல மணி நேரமும் ஆகலாம். பசைக்குழாயின் மேல் அச்சிட்ட குறிப்பே அதற்குச் சான்று. முதல் நாள் கதவை ஓங்கி அறையக் கூடாது. அடைபட்ட காற்று பசையைத் தள்ளும். பக்கக் கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தல் நன்று. அழுத்த நீரால் கழுவுவதையும் ஓரிரு நாள் தள்ளிப்போட வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். வண்டியின் சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய காப்பீடு இருந்தால் முன்கண்ணாடிக்கு இழப்பீடு கிடைக்கும். ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகளுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பது போலக் கண்ணாடிக்குக் கழிப்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவர்க்கு இது கிடைக்காது. மலிவான வேலையை நாடுமுன் காப்பீட்டுத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்த்தல் நலம்.

முடிவுரை

நம்முள் பலர் நாளை கார் வாங்குவோம்; சிலர் ஓட்டுநர்களின் பிள்ளைகளாக இன்றே அதன் வருவாயில் படித்துக்கொண்டிருக்கின்றோம். கார் இல்லாதவரும் வாடகைக் காரில் ஏறத்தான் போகின்றோம். கண்ணாடி மாற்றும் நாளில் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். இது லேமினேட்டட் கண்ணாடியா, முத்திரை எங்கே? எந்தப் பசை போடுகிறீர்கள், பிரைமர் உண்டா? வண்டியை எத்தனை மணி நேரம் கழித்து எடுக்கலாம்?

இம்மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் விடை சொல்லும் கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளலாம். விடை சொல்லத் தயங்கும் கடையிலிருந்து, அங்கே எத்தனை ரூபாய் குறைந்தாலும், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவதே அறிவுடைமை.